ஒன்பதடிச் சதுரத்தில் ஒரு படுக்கையறை

நெசவாளர் வீட்டில் தறிக்கே முதலிடம். தறிக்குழிக்கும் பாவுக்கும் போக எஞ்சுவதே மனிதர்களுக்கு. திண்டுக்கல் நாகல்நகரிலும் சின்னாளபட்டியிலும் நான் சென்று பார்த்த வீடுகள் பலவற்றில் அவ்வாறு எஞ்சியது, ஏறக்குறைய ஒன்பதடி நீளமும் ஒன்பதடி அகலமும் உள்ள ஒரு சதுர அறையே. நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை பயிரிடும் அங்கத்தினர்கள் பலரின் வீடுகளிலும் நிலைமை இதுவே. இத்தனை சிறிய அறையைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் செய்த ஒரு பிழையே இதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் ஒருவர் வீட்டுச் சாமான்கள் வாங்கச் சங்கத்தில் கடன் கேட்டார். ஜாமீன், தவணை, பழைய பாக்கி ஆகிய அனைத்தையும் சரிபார்த்துச் சிபாரிசு செய்தேன். அறையின் அளவை மட்டும் கேட்கவில்லை. பின்னர் அவர் இல்லம் சென்றபோது, ஆறடி அகலக் கட்டிலும் இரும்புப் பீரோவும் அறையை அடைத்து நின்றன. கட்டில் தடுத்தமையால் பீரோவின் ஒரு கதவு திறக்கவில்லை. பேத்திகளுடன் அவ்வறையில் பாய் விரித்துப் படுத்துவந்த அவருடைய தாயாருக்குத் தரையில் இடமில்லை; உயரமான கட்டிலில் ஏற முழங்கால் இடந்தரவில்லை. தறிக்குழியின் ஓரத்திலே, பஞ்சுத் தூசியில் படுத்து இருமிக்கொண்டிருந்தார். "கட்டில் வந்தது, தம்பி; எனக்கு இடம் போயிற்று" என்றார் அம்மூதாட்டி. எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

கணக்கு எளியது. ஒன்பதடிச் சதுரம் 81 சதுர அடி. ஈரறை வீட்டின் சிறிய அறைக்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் குறைந்த அளவான 7.5 சதுர மீட்டரும் ஏறத்தாழ இதுவே. ஆகவே அறை சிறியதாயினும் வாழத் தகாததன்று. ஆனால் 6 அடிக்கு 6¼ அடிக் கட்டில் அதில் 37½ சதுர அடியை விழுங்கிவிடும். மூன்றடி அகலக் கட்டிலுக்கு அதிற் பாதியே போதும்.

நீண்ட அறையில் ஒரு கோடியில் கட்டிலும் மறு கோடியில் பெட்டியும் வைத்து இடையே நடமாடலாம். சதுர அறையிலோ நடுவில் எதை வைத்தாலும் நாற்புறமும் பயனற்ற சந்துகளே மிஞ்சும். எனவே சாமான்கள் சுவரைச் சார்ந்திருக்க, நடுத்தரை வெறுமையாக இருத்தல் வேண்டும். அத்தரையே பகலில் பிள்ளைகள் படிக்கும் இடம்; இரவில் பாய் விரிக்கும் இடம்.

புதிதாகக் கட்டுவோர் வாசலைச் சுவரின் நடுவில் வைக்காமல் மூலையை ஒட்டி வைப்பது நலம், சுவர்கள் துண்டுபடா. சன்னல்கள் வெவ்வேறு சுவர்களில் அமைந்தால் காற்று புகுந்து வெளியேறும். மேற்குச் சுவர் மாலை வெயிலில் காய்ந்து இரவில் வெப்பம் கக்குமாதலால், கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் தெற்கே தலை வைத்துப் போடலாம். வடக்கே தலை வைக்கலாகாது என்னும் வழக்கமும் காக்கப்படும்.

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊரில் பீரோ மீது ஆசை எழுவது இயல்பே. எனினும் அதன் முன்னே கதவு திறக்க ஒன்றரை அடியும், ஆள் நிற்க இடமும் வேண்டும். வாசலுக்கு மேலே பரணும், சுவரில் கதவிட்ட மாடமும், கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியும் இருந்தால் பல குடும்பங்களுக்கு அதுவே போதும். விரிப்புக்குப் பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் இருக்கின்றன. காலையில் மடித்து வைத்தால் அறை மீண்டும் விசாலமாகும்.

அந்நெசவாளர் பெரிய கட்டிலை நஷ்டத்துக்கு விற்றுச் சிறியதொன்று வாங்கினார். தாயார் அறைக்குத் திரும்பினார். தவணை மட்டும் பழைய கட்டிலின் விலைக்கே தொடர்ந்தது.

ஆகவே, அங்கத்தினர்களே, சாமான் வாங்குமுன் அதன் அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து, இரண்டு நாள் அக்கோட்டை மிதியாமல் நடந்து பாருங்கள். நானும் இப்போது கடன் மனுவைப் பார்க்கும்போது அறையின் அளவைக் கேட்கிறேன். பாவை அளக்காமல் தறியில் ஏற்றாத நாம், அறையை அளக்காமல் கடன் ஏற்றலாமா?