உப்புக்காற்றும் கல்யாண டிவிடியும்

2000-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள் போல நம் ஊர்க் கல்யாணங்களெல்லாம் டிவிடிக்குள் போயின. அதற்கு முன்பு வீடியோ கேசட், அதற்குப் பின்பு பென்டிரைவ். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்து வீடுகளில் கல்யாண ஆல்பத்தின் அட்டைக்குள் மணமக்கள் படம் ஒட்டிய இரண்டு மூன்று தட்டுகள் இன்னமும் இருக்கின்றன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா என்று தனித்தனி உறைகளில் இன்னும் சில இருக்கும். அவற்றில் சிரித்துப் பேசும் பெரியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்புகளில் டிவிடி டிரைவே கிடையாது. வீட்டில் யாராவது ஒருவர் யுஎஸ்பி டிரைவ் வாங்கி வந்து, தட்டைப் போட்டு, வீடியோ மாற்றும் மென்பொருளைத் திறந்து எம்பி4 ஆக்கச் சொல்கிறார். பாதியில் நின்றுவிடுகிறது. 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று திரையில் ஒரு வரி. இன்னொரு தடவை முயன்றுவிட்டு, 'டிஸ்க் போச்சு' என்று தூக்கிப் போடுகிறார்கள்.

அப்படிக் குப்பைக்குப் போகும் தட்டுகளில் பலவற்றை மீட்க முடியும். அதற்கு ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் தட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு நகலெடுக்க வேண்டும். மாற்றும் வேலையெல்லாம் அந்த நகலிலிருந்துதான் நடக்க வேண்டும். படிப்பது ஒரு வேலை, மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போவதால்தான் பெரும்பாலான தோல்விகள்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசையால் ஒட்டியது. நடுவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படலம். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் பள்ளங்கள் அச்சிலேயே பதிந்திருக்கும். ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடியிலோ உலோகப் படலத்தை ஒட்டி ஒரு கரிமச் சாயம் பூசியிருக்கும். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடையாளம் வைக்கிறது. படிக்கும்போது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அந்தத் தடங்களின் மேல் ஓடுகிறது. அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட தடங்கள்.

இவ்வளவு நெருக்கத்தில் தூசியும் கீறலும் படாமல் இருக்க வழியே இல்லை. ஆகவே, பிழை வரும் என்று எதிர்பார்த்தே இந்தத் தட்டை வடிவமைத்தார்கள். 1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறைதான் இதற்கு அடிப்படை. மளிகைக்கடைப் பேரேட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு பத்திக்கும் கூட்டுத்தொகை எழுதியிருந்தால், நடுவில் ஒரு எண் மை பட்டு அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம் அல்லவா? டிவிடியும் அதையே செய்கிறது. 2,048 பைட் கொண்ட 16 செக்டார்களை ஒரு கட்டமாக அடுக்கி, வரிசைவாக்கிலும் பத்திவாக்கிலும் சரிபார்ப்புத் தகவலைச் சேர்க்கிறது. 32,768 பைட் தகவலைக் காக்க ஏறத்தாழ ஐயாயிரம் பைட் கூடுதல் காவல். தடத்தோடு சுமார் 6 மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் கணக்கால் மீட்டுவிடலாம். அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' வருகிறது.

தட்டைத் துடைக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். அப்போது கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு தடத்தையும் குறுக்கே ஒரு புள்ளியில்தான் வெட்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் ஒரே தடத்தின் போக்கிலேயே நீண்டு, மீட்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

கடற்கரை செய்யும் வேலை

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு, தட்டுகளை 20 டிகிரி வெப்பத்துக்கு மேல் போகாமல், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் அப்படி ஒரு பீரோ இயற்கையாக அமையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும், கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் ஊறிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுக்கும் வேலையைத் தொல்லியல் துறை செய்துவருகிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்ற கல்லையே கரைக்கும் காற்று, பிளாஸ்டிக் தட்டை விட்டுவைக்காது.

ஈரம் மூன்று வழிகளில் தாக்குகிறது. விளிம்பில் இரு தகடுகளின் ஒட்டு தளர்ந்தால் காற்று உள்ளே புகுந்து உலோகப் படலத்தை அரிக்கிறது. இரண்டாவது பூஞ்சை. 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியில் ஜியோட்ரைக்கம் என்ற பூஞ்சை படலத்தையே அரித்திருந்ததைக் கண்டார்கள். அதுவும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு. மூன்றாவது, நம் ஸ்டுடியோக்கள் ஆசையாக ஒட்டிக் கொடுத்த மணமக்கள் ஸ்டிக்கர். காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஒரு பக்கம் சுருங்கும். வேகமாகச் சுழலும்போது தட்டின் சமநிலை தவறி, டிரைவ் அதிர்ந்து, லேசர் தடத்தைத் தவறவிடும். அந்த ஸ்டிக்கரை உரித்து எடுக்கப் போகக் கூடாது, இழுக்கும் விசையில் தகடுகள் பிரிந்துவிடலாம். டிரைவின் வேகத்தைக் குறைத்துப் படிக்க வைப்பதே வழி.

வெள்ளத்தில் நனைந்த தட்டுகளும் உண்டு. 2004 சுனாமியில் கடற்கரைக் குப்பங்களிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் போன்ற இடங்களிலும் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அப்படி நனைந்த தட்டை உப்போ சேறோ காய்வதற்கு முன்பே சுத்தமான நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம். ஏசி அறையிலிருந்து எடுத்த தட்டில் ஈரம் பூத்திருந்தால் அது போகும்வரை பொறுத்த பிறகே டிரைவில் போட வேண்டும்.

முதல் வேலை: அப்படியே நகல்

மாற்றும் மென்பொருள் படம் ஓடும் வரிசையில் தகவலைக் கேட்கும். ஒரு செக்டார் படிக்கவில்லை என்றால் டிரைவ் திரும்பத் திரும்ப முயலும், மென்பொருள் காத்திருந்து கைவிடும், அதுவரை செய்த வேலையும் வீணாகும். மீட்பதற்கென்றே எழுதிய மென்பொருள் வேறு மாதிரி வேலை செய்கிறது. குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக் கூடியதை எல்லாம் அள்ளிக்கொள்கிறது. சிக்கலான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, அடுத்த சுற்றுகளில் அந்த இடத்துக்கு மட்டும் முன்னும் பின்னுமாக வருகிறது. எதைப் படித்தோம், எது பாக்கி என்பதை ஒரு வரைபட ஃபைலில் எழுதி வைப்பதால் நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம்.

இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு. ஒவ்வொரு டிரைவின் லென்ஸும் லேசரும் சற்றே வேறுபடும். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொரு டிரைவ் படித்துவிடும். அதே வரைபட ஃபைலை வைத்துக்கொண்டு தட்டை வேறு டிரைவுக்கு மாற்றினால், பாக்கி இருந்த இடங்கள் மட்டும் நிரம்பும். பழைய டெஸ்க்டாப்பில் கிடக்கும் டிரைவைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடைசிவரை சில செக்டார் வராமல் போனாலும் கலங்க வேண்டியதில்லை. அந்த இடம் நகலில் வெற்றாக இருக்கும். நம் நாட்டு டிவிடி நொடிக்கு 25 படம் ஓடும் 'பால்' (PAL) முறையில் இருப்பது. அதில் அதிகம் போனால் 15 படத்துக்கு ஒருமுறை முழுப் படம் வரும், இடைப்பட்டவை மாற்றங்களை மட்டும் சுமக்கும். ஆகவே ஒரு செக்டார் போனால் அரை நொடிச் சொச்சம் கட்டம் கட்டமாகக் கலங்கி, படம் தானே தெளிந்துவிடும்.

தட்டு முழுவதும் வெற்று என்று கணினி சொன்னால், பல சமயம் அது ஃபைனலைஸ் செய்யாத தட்டு. டிவிடி ரெக்கார்டரிலோ சின்னத் தட்டு போடும் கேமராவிலோ பதிவு செய்துவிட்டுக் கடைசி வேலையை முடிக்காமல் எடுத்திருப்பார்கள். தகவல் உள்ளே இருக்கும், பொருளடக்கம் மட்டும் இருக்காது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் தட்டையே நேரடியாகத் தேடி அதை எடுக்கும். படங்களின் வரிசை விவரம் உள்ள ஐஎஃப்ஓ ஃபைல் கெட்டிருந்தால், அதன் இரட்டையான பியூபி ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்கும். பியூபியைப் பிரதி எடுத்து ஐஎஃப்ஓ என்று பெயர் மாற்றினால் போதும்.

பென்டிரைவில் எடுக்கும் நகல் கடைசியில் நின்றுபோனால் தட்டைக் குறை சொல்லும் முன் அந்தப் பென்டிரைவைப் பாருங்கள். நிறைந்த டிவிடியின் நகல் கணினிக் கணக்கில் 4.38 ஜிபி. பல பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் சிக்கல் தீரும்.

மாற்றும்போது வரும் பிழைகள்

நகல் கையில் இருந்தால் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் எத்தனை முறை தவறினாலும் இழப்பில்லை. அடிக்கடி வரும் தவறுகள் மூன்று.

வாய் அசைவுக்கும் குரலுக்கும் பொருந்தாமல் போவது முதலாவது. டிவிடியில் படம் 1 ஜிபி அளவுள்ள விஓபி ஃபைல்களாகத் துண்டுபட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டினால் இணைப்பில் நேரக்கணக்கு பிசகும். விடியோ_டிஎஸ் ஃபோல்டரையோ முழு நகலையோ மொத்தமாகக் கொடுத்தால் சரியாக வரும். சேதமான தட்டென்றால் நிலையான படவேகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆடும் கைகளில் சீப்புப்பல் போலக் கோடு தெரிவது இரண்டாவது. பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாக இரண்டு பாதியாகப் பதிவானது. டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போட்டு, 50 படவேகத்தில் மாற்றினால் நாதஸ்வரக்காரர் விரலசைவுகூட வழுக்கிக்கொண்டு வரும்.

முகங்கள் ஒல்லியாகவோ அகலமாகவோ தெரிவது மூன்றாவது. 720-க்கு 576 என்ற அளவை அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது இது. திரை விகிதம் 4:3 என்றால் 768-க்கு 576, 16:9 என்றால் 1024-க்கு 576 என்று காட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் படத்தின் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18-லிருந்து 20-க்குள் வைக்கலாம்.

மாற்றிய ஃபைல் போனில் பார்க்கவும் உறவினருக்கு அனுப்பவும் மட்டுமே. காப்பகத்தில் இருக்க வேண்டியது தட்டின் முழு நகல். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் துல்லியம் கழிகிறது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருநூறு தட்டுக்கு மேல் கொள்ளும்போது சுருக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றைக் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இவையெல்லாம் நம் சொந்தப் பதிவுகளுக்கு. கடையில் விற்ற சினிமா டிவிடிகள் பலவற்றுக்குப் பூட்டு உண்டு, அவற்றை வெறுமனே நகலெடுத்தால் படம் பச்சையும் கட்டமுமாகச் சிதறுவது அதனால்தான். உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது, 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி குற்றம்.

ஊருக்கே உரிய காப்பகம்

கல்யாண வீடியோவை ஒரு குடும்பத்தின் சொத்தாக மட்டும் பார்ப்பது போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய அகலத்துக்கு வருமுன் இருந்த தெருக்கள், இடித்துவிட்ட ஓட்டு வீடுகள், மீனவக் குப்பத்துப் பேச்சு, சீர் வரிசை சுமந்து வரும் முறை எல்லாம் வேறு எவரும் படம் பிடிக்காத அளவுக்கு அவற்றில் விரிவாக இருக்கின்றன. 2019-இல் தனி மாவட்டமான செங்கல்பட்டு, தன் அண்மைக்கால வரலாற்றை இந்தத் தட்டுகளிலிருந்தே எழுத முடியும்.

ஆகவே ஒரு யோசனை. நூலகங்களில் ஒரு மேஜை, ஒரு கணினி, வெவ்வேறு வகை டிவிடி டிரைவ் மூன்று, பயிற்சி பெற்ற ஒருவர். மக்கள் தட்டைக் கொண்டு வந்து நகலெடுத்துப் போகட்டும். விருப்பமுள்ளவர்கள் ஒரு பிரதியை நூலகத்துக்கே தரட்டும். செலவு அதிகமில்லை, தொழில்நுட்பம் இலவசம். டிரைவ்கள் கடையில் கிடைக்கும்வரைதான் இது நடக்கும். அதுவரை காத்திராமல், மழை ஓய்ந்து காற்று உலரும் தை, மாசியில் வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். நகலெடுத்ததும் வீட்டுப் பெரியவரை அருகில் உட்கார வைத்து, படத்தில் வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு ஃபைலில் எழுதி, அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.