டேண்டம் வந்த வழி



இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு டேண்டம் சைக்கிள் என்று பெயர். ஆங்கிலத்தில் வினையடையாகவும் வழங்கும் இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே இதற்குப் பொருள், 'நெடுநேரம் கழித்து, கடைசியில்'. காலத்தைச் சொல்லும் சொல்!

அதை இடத்துக்கு இழுத்து வந்தது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் 'அட் லெங்த்' என்பதற்கு 'நெடுநேரம் கழித்து' என்றும் பொருள். 'நீளவாக்கில்' என்றும் பொருள். லத்தீன் படித்தவர்கள் இந்த இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக, நீளவாக்கில் பூட்டிய வண்டியை டேண்டம் என்றார்கள். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இந்தச் சொல் இடம்பிடித்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சைக்கிளுக்கு வந்தது. மரபணுவில் ஒரே வரிசை அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்கும் இன்று அதே பெயர்தான். 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த டிஎன்ஏ ரேகை முறைக்கு அந்தப் பகுதிகளே அடிப்படை.

படித்தவர்கள் விளையாட்டாகச் சொன்ன ஒரு சிலேடை, அறிவியலின் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.