கல்லின் மேல் ஒரு சரஸ்வதி

ஓவியம் என்றதும் பலருக்குக் கலைக்கூடம் நினைவுக்கு வரும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு லயத்து வீட்டுப் பலகைச் சுவர்தான் கலைக்கூடம். அங்கே மாட்டியிருந்த சாமி படங்களில் பாதி, ஆண்டுக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர்கள். தேதி முடிந்ததும் வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள்.

அந்தப் படங்கள் நம் வீடு வரை வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848-1906), 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவரில் தொங்கிய ஓவியங்கள் வண்ண அச்சாகிச் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டவர்களும் தெய்வத்தின் முகத்தைத் தங்கள் வீட்டிலேயே பார்க்க முடிந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர். பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் இடம்பிடித்தன.

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டில், ரவிவர்மா 1896-இல் தீட்டிய சரஸ்வதி படம் இருந்தது. வெள்ளைச் சேலை, கையில் வீணை, அருகில் மயில், பக்கத்தில் அமைதியான நீர். நான் மூன்றாம் படிவம் படித்தபோது அப்பா காலமானார். அம்மா ஒருவரின் பால்மரம் வெட்டும் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். “பிள்ளையைச் செனாவாங் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடு” என்று உறவினர்கள் அம்மாவை நெருக்கினார்கள்.

அந்த நாள்களில் அம்மா விடிகாலை நான்கு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, பெரட்டுக்குப் போகுமுன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், “என்னம்மா பாக்குறீங்க?” என்று கேட்டேன்.

“மத்த படத்துல எல்லாம் இவங்க தாமரையில உக்காந்திருப்பாங்க. இதுல பாரும்மா, கல்லு மேல உக்காந்து வாசிக்கிறாங்க. நமக்கும் கல்லுதான் வாய்ச்சிருக்கு. நீ வாசிக்கிறத விட்டுடாதே.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனையோ பேர் கவனிக்காமல் கடந்துபோன அந்தக் கல்லை அவர் பார்த்திருந்தார். உண்மையிலேயே ரவிவர்மா அந்தச் சரஸ்வதியை நீரோரப் பாறையில்தான் உட்கார வைத்திருக்கிறார்.

படம் எங்கள் சம்பளத்தை உயர்த்தவில்லை. கடைக் கடனையும் அடைக்கவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம், தன் கஷ்டத்தை வேறொரு முகத்தின் வழியாகப் பார்க்க அம்மாவுக்கு இடம் கொடுத்தது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் எடுத்த முடிவால் நான் படிப்பைத் தொடர்ந்தேன். இன்று சிரம்பானில் ஆசிரியையாக இருக்கிறேன்.

பல தோட்டங்களில் லயங்கள் போய்விட்டன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது, இடமில்லை என்று பழைய படங்களை அரசமரத்தடியில் விட்டு வந்தவர்கள் உண்டு. வேலையும் கடனும் நெருக்கும் இன்றைய இளையோருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டில் அப்படி ஒரு படம் மிஞ்சியிருந்தால் தூசி தட்டி மாட்டுங்கள். அதில் எதைப் பார்த்துத் தெம்பு பெற்றார்கள் என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.