கவிழ்த்து வைத்த இறக்கை

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் பந்தயக் கார்களில் சிலவற்றின் பின்புறம் ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது தலைகீழான விமான இறக்கை! (முன்பு சென்னைப் பந்தயங்கள் நடந்ததே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான்.)

விமான இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, விமானம் எழும்புகிறது. இறக்கையைக் கவிழ்த்தால் காற்று மேலே திரும்பும். கார் தரையோடு அழுந்தும். வளைவில் சக்கரம் எளிதில் வழுக்காது. வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும்.

இவ்விசையைக் கணக்கிடுவது விமானப் பொறியியலில் பாதிதான். அதைத் தாங்கும் வலிமையையும் கணக்கிட வேண்டும். 1969இல் ஸ்பெயின் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகள் சுமை தாங்காமல் ஒடிந்தன. கார்கள் தடுப்பில் மோதின. ஓட்டுநர் ரிண்ட் காயமடைந்தார். அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை வந்தது.