பிந்தி முதிரும் வீரர்கள்

மொன்றியல் நகரின் வடமேற்கு முனையில், டூ மொன்தாஞ் ஏரி பிரெய்ரி ஆறாக ஒடுங்கும் இடத்தில் இருக்கிறது இல்-பிசார் தீவு. 2007-லும் 2024-லும் பிரெசிடென்ட்ஸ் கோப்பை கோல்ஃப் போட்டிகளை நடத்திய ராயல் மொன்றியல் மன்றம் இங்கேதான் உள்ளது. ஜாக்-பிசார் பாலத்தைக் கடந்து தெற்கே வந்தால் பியர்ஃபோனும் தொலார்-தே-ஓர்மோவும். திருமுருகன் கோயிலும் அங்கேதான். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இந்த வட்டாரத்தில் வேரூன்றிவிட்டன. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அமெரிக்கப் பாணிக் கால்பந்து பெரிய விளையாட்டு. உயரமும் கனமும் உள்ள பதினைந்து வயதுப் பையன் பயிற்சியாளரின் கண்ணில் பட்டால், பெரும்பாலும் அவனைத் தாக்குதல் வரிசையில்தான் நிறுத்துவார். உடனே வீட்டில் கவலை தொடங்குகிறது. படிப்பு என்னாகும்? தலையில் அடிபடாதா? இன்னும் எடை ஏற்றச் சொல்கிறார்களே, அது உடம்புக்கு ஆகுமா? நியாயமான கேள்விகள். இவற்றை ஆராய்ந்தால் ஒன்று தெளிவாகிறது: இந்த ஆட்டத்தில் மிகவும் பிந்தி முதிரும் இடங்களில் தாக்குதல் வரிசையும் ஒன்று. அந்தப் பையனுக்குத் தேவையானது காலம். அதைக் கொடுக்கும் கல்வி அமைப்பு கியூபெக்கிலேயே இருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிட்டு அவசரப்படுகிறோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக அந்த இடத்தைச் சற்று விளக்க வேண்டும். பந்து கையில் உள்ள அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். பந்தை எறிந்து ஆடும்போது, குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்து வரும் எதிரணியினரை மூன்று நான்கு விநாடி தடுத்து நிறுத்துவது இவர்கள் வேலை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் எதிரியைத் தள்ளி வழி திறக்க வேண்டும். புள்ளி எடுப்பவர்கள் இவர்கள் அல்லர். பொதுவாக இவர்கள் முன்னே எறியும் பந்தைப் பிடிக்கவும் விதி இடம் தராது. பார்ப்பவருக்கு வெறும் உடல் மோதலாகத் தெரியும் இந்த வேலையில் நுணுக்கம் அதிகம். நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் வரும்போது, பின்னோக்கி நகர்ந்துகொண்டே, இடுப்பைத் தாழ்த்தி, இரு கைகளையும் அவருடைய மார்புக்குள் வைத்துத் தடுக்க வேண்டும். கை வெளியே போய் எதிரியைப் பற்றி இழுத்தால் பத்து யார்ட் தண்டனை. எதிரணி யாரை எந்தப் பக்கம் அனுப்பப்போகிறது என்பதைப் பந்து நகரும் முன்பே ஐந்து பேரும் ஒரே மாதிரி படித்தாக வேண்டும். ஒருவர் தவறினாலும் மற்ற நால்வரின் உழைப்பு வீண். வேகமாக ஓடும் பையன் பதினாறு வயதிலேயே மின்னிவிடலாம். இந்த ஐவருக்கு அப்படி வாய்ப்பதில்லை. கால் பழக்கமும் கண் பழக்கமும் பல பருவங்கள் சேர்ந்தே வரும். எலும்பும் தசையும் அதற்குள் வளர்ந்து முடிய வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று மொன்றியலிலேயே கிடைக்கிறது. லொராந் டுவெர்னே-தார்டிஃப் 1991-இல் பிறந்தவர். மோன்-சேன்-இலேர் ஊரில் வளர்ந்தவர். மொன்றியலின் ஆந்த்ரே-கிராசே கல்லூரிக்காக ஆடிவிட்டு மெகில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவர் தொடங்கியது தற்காப்பு வரிசையில். தாக்குதல் வரிசைக்கு மாறியது பின்னர்தான். மருத்துவப் படிப்பின் சுமையால் பல பயிற்சிகளுக்கு அவரால் வரவே முடியவில்லை. அப்படியிருந்தும் 2013-இல் கனடியப் பல்கலைக்கழகங்களின் சிறந்த வரிசை வீரருக்கான ஜே. பி. மெட்ராஸ் விருதைப் பெற்றார். 2014-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் ஆண்டுத் தேர்வில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி ஆறாவது சுற்றில் 200-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தது. முதல் பருவத்தில் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஓராண்டு முழுக்கக் கற்றார். அடுத்த ஆண்டு தொடக்க வரிசையில் கார்டாக நின்றார். 2017-இல் அவருக்குக் கிடைத்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு நான்கு கோடி டாலருக்கும் மேல். 2018 மே மாதம் மெகில் மருத்துவப் பட்டம். 2020 பிப்ரவரியில் அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி. அதே ஆண்டு கொரோனா பரவியபோது கியூபெக்கின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனார்; வரவிருந்த பருவத்தையே துறந்தார். இந்த வாழ்க்கையில் என்னைக் கவர்வது அதன் கால அட்டவணை. இருபது வயதுக்கருகே வரிசை மாறியவர், இருபத்து மூன்றில் தேர்வாகி, இருபத்து நான்கில்தான் உண்மையாக ஆடத் தொடங்கினார். பதினேழு வயதில் அளந்து தீர்ப்புச் சொல்லியிருந்தால் இவரைத் தவறவிட்டிருப்பார்கள்.

ஒரு மருத்துவரின் அபூர்வக் கதையை விதியாகக் காட்டலாமா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் தனி ஆள் அல்லர். சிட்னியில் ரக்பி லீக் ஆடி வளர்ந்த ஜோர்டன் மைலாட்டா, தேர்வாகும் வரை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில்கூட இறங்காதவர். பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை 2018-இல் ஏழாவது சுற்றில் தேர்ந்தது. இரண்டு ஆண்டு பொறுத்து 2020-இல் களத்தில் இறக்கியது. இன்று அவர் அந்த ஆட்டத்தின் முன்னணி டாக்கிள்களில் ஒருவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜியோவானி மானுவை 2024-இல் டிட்ராய்ட் லயன்ஸ் நான்காவது சுற்றில் எடுத்தது. குவார்ட்டர்பேக் இடத்தில் இப்படி ஒருவர் இருபது வயதுக்கு மேல் வந்து கற்றுக்கொள்வதை நினைத்துப் பார்க்க முடியாது. தாக்குதல் வரிசையில் அது நடக்கிறது என்பதே அந்த இடத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

இங்கே வேறொரு மறுப்பு எழும். கியூபெக் பையன்களில் பெரிய உயரத்துக்குப் போனவர்கள் அமெரிக்காவுக்குத்தானே போனார்கள்? விக்டோரியவில் ஊரின் மேத்யூ பெர்ஜெரோன் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போய், 2023-இல் இரண்டாவது சுற்றில் 38-ஆவது ஆளாக அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குத் தேர்வானார். புரோமோன் ஊரின் சிடி சோ ஈஸ்டர்ன் மிச்சிகன் வழியாக அதே ஆண்டு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்குப் போனார். உண்மைதான். ஆனால் பெர்ஜெரோன் தெட்ஃபோர்ட் செஜெப்பிலும், சோ லெனாக்ஸ்வில்லில் உள்ள சாம்பிளேன் கல்லூரியிலும் ஆடிவிட்டுத்தான் எல்லை தாண்டினார்கள். கியூபெக்கில் உயர்நிலைப் பள்ளி பதினொன்றாம் வகுப்போடு முடிகிறது. பல்கலைக்கழகம் போக விரும்புபவர் அதற்கு முன் இரண்டு ஆண்டு செஜெப் என்னும் இடைநிலைக் கல்லூரியில் படிக்கிறார். அதற்குப் பின் கனடியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்கள் ஆடலாம். வளரும் உடலுக்கு இவ்வளவு அவகாசம் தரும் ஏற்பாடு அரிது. இல்-பிசார் பையனுக்கு சேன்-தான்-தெ-பெல்வியூவின் ஜான் அபட் கல்லூரியும், சேன்-லொரான் பகுதியின் வானியே கல்லூரியும் வீட்டிலிருந்தே போய்வரக்கூடியவை. பல்கலைக்கழகம் என்றால் நகருக்குள்ளேயே மெகிலும் கன்கோர்டியாவும், 2014-லும் 2023-லும் கனடியப் பல்கலைக்கழகக் கால்பந்தின் வானியே கோப்பையை வென்ற மொன்றியல் பல்கலைக்கழகத்தின் கரபேன் அணியும் இருக்கின்றன. அமெரிக்கா போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதில், உடலும் மனமும் பழுக்கும் முன், அங்குள்ள தனியார் பள்ளிகளுக்குப் பெரும் செலவில் அனுப்புவதைத்தான் மறுக்கிறேன்.

கனடிய விதிகளில் வளர்ந்தவன் பின்தங்கிவிடுவான் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் குறை. இங்கே பன்னிரண்டு பேர், மூன்று முயற்சிகள், 65 யார்ட் அகலமான களம். அங்கே பதினொரு பேர், நான்கு முயற்சிகள், 53 யார்டுக்குச் சற்று மேற்பட்ட அகலம். வரிசை வீரருக்கு இவற்றைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கனடாவில் தற்காப்பு அணி பந்திலிருந்து ஒரு யார்ட் தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்காவில் இரு வரிசைகளுக்கும் நடுவே இருப்பது பந்தின் நீளம் மட்டுமே, ஏறத்தாழ 11 அங்குலம். ஆகவே எல்லை தாண்டுபவர் மோதல் உடனே நிகழ்வதற்குப் பழக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு யார்டில் எதிரி வேகம் பிடித்து வருகிறான்; அகலக் களத்தில் அவன் சுற்றிவரவும் இடம் அதிகம். அதைச் சமாளிக்கக் கால்கள் நன்றாக இயங்கியாக வேண்டும். கை வலிமையைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம், கால் இயக்கத்தைச் சிறுவயதில்தான் கற்க வேண்டும் என்பதால், இந்தப் பள்ளிப்பாடம் நட்டமில்லை என்றே கருதுகிறேன். மேலும், கனடியத் தொழில்முறை அணிகள் தொடக்க வரிசையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்களை நிறுத்த வேண்டும். அந்த இடங்களில் பலவற்றை அவை தாக்குதல் வரிசைக்கே ஒதுக்குகின்றன.

எடைக்கு வருவோம். உயரத்தையும் கை நீளத்தையும் எந்தப் பயிற்சியும் தராது. பிறப்பில் வருவதை ஒப்புக்கொள்ள வேண்டும். எடையைத்தான் ஏற்றலாம், அங்கேதான் அவசரம் ஆபத்தாகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வீரர்களைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, ஒரே பருவத்துக்குள் பலரின் இரத்த அழுத்தம் உயர்ந்ததையும், வரிசை வீரர்களிடம் அது கூடுதலாக இருந்ததையும் காட்டியது. தெற்காசிய உடலமைப்பில் சர்க்கரை நோயும் இதய நோயும் இளவயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், நம் வீட்டுப் பையன்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். ஒரே கோடையில் சோறும் மாப்பொருளும் அளவின்றித் தின்று ஏற்றிய பதினைந்து கிலோ பெரும்பாலும் கொழுப்பு; அது கால்களை மந்தமாக்கி ஆட்டத்தையே கெடுக்கும். பளு தூக்கி, நல்ல தூக்கத்தோடு, நான்கைந்து ஆண்டுகளில் கூடும் எடை தசையாகச் சேரும். டுவெர்னே-தார்டிஃப் 2014 சோதனையில் 225 பவுண்டு பாரத்தை 34 தடவை தூக்கினார். நாற்பது யார்டை ஐந்து விநாடிக்குள் ஓடியவரும் அவரேதான்.

தலைக் காயம் பற்றிய அச்சத்தை யாரும் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவில், இறந்த என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-இல் சி.டி.ஈ. என்னும் சிதைவு நோய் இருந்தது. கல்லூரி அளவில் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு. ஐயம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன என்பதால், ஆடும் எல்லோருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆயினும் 2020-இல் அதே குழு, ஆடிய ஆண்டுகள் கூடக்கூட நோயின் வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டியது. வரிசை வீரருக்கு ஒவ்வொரு ஆட்ட முயற்சியிலும் மோதல் உண்டு. மயங்கி விழச் செய்யும் பெரிய அடியை விட, கணக்கில் வராத சிறு மோதல்கள்தான் அவருக்குச் சேர்ந்துகொண்டே போகும். இந்த ஆபத்தை முழுதாக நீக்க வழியில்லை. ஆடவே வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆடத்தான் போகிறான் என்றால், எட்டு வயதில் மோதல் ஆட்டத்தில் இறக்குவதால் வரிசை வீரனுக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது, அவன் மூளை கொடுக்கும் விலை பெரிது. பதினான்கு, பதினைந்து வயது வரை கூடைப்பந்து, ஜூடோ, மல்யுத்தம் போன்றவை கால் இயக்கத்தையும் சமநிலையையும் அவனுக்குத் தரும்.

படிப்பைப் பொறுத்தவரை கணக்கு எளிது. இந்த வரிசையில் நிற்கும் மாணவர்களில் மிகச் சிலரே சம்பளத்துக்கு ஆடுவார்கள். கியூபெக் வாசிகளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் வட அமெரிக்காவிலேயே குறைந்தவற்றுள் ஒன்று. விளையாட்டு உதவித்தொகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடன் சுமை இல்லாமல் பட்டம் வாங்கலாம். ஆகவே பயிற்சியாளர் வீடு தேடி வரும்போது, பையன் எவ்வளவு கனமாக வேண்டும் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் உடல் மோதலோடு பயிற்சி, தலையில் அடிபட்டால் களத்துக்குத் திரும்ப அனுமதிப்பது யார், சென்ற ஆண்டு அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் செஜெப் பட்டயம் பெற்றார்கள் என்பவற்றை முதலில் கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குடும்ப மருத்துவரிடம் அளந்து பாருங்கள். பதினேழு வயதில் எந்தத் தேர்வாளரும் அழைக்கவில்லை என்பதற்காக அவனைத் தோற்றவனாகப் பார்க்காதீர்கள். டுவெர்னே-தார்டிஃப் அந்த வயதில் தாக்குதல் வரிசை வீரராகவே இருக்கவில்லை.