மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் நடுக்கம்

மைசூரின் யாதவகிரியில் 1961ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கி, செக்கோஸ்லோவாகிய தேசத்து ஜாவா வண்டிகளையும், 1973 முதல் எஸ்டி என்ற பெயரில் அவற்றின் வாரிசுகளையும் நாடெங்கும் அனுப்பிவைத்து, 1996இல் கதவடைத்துக்கொண்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை இன்று இல்லையென்றாலும், அதன் வண்டிகளைப் பிரித்துப் பூட்டி உயிரோடு வைத்திருக்கும் மெக்கானிக்குகளும் அபிமானிகளும் அந்நகரில் இன்னும் இருக்கிறார்கள். இத்தகைய பழைய வண்டிகள் சிலவற்றின் இடப்புறத்தில் சைட்கார் என்னும் ஒற்றைச் சக்கரப் பக்கப்பெட்டியைப் பூட்டி, குடும்ப சமேதராகப் பிரயாணம் செய்பவர்களும் உண்டு. இவர்களை ஒரு சமயமில்லாவிட்டால் ஒரு சமயம் வந்து பிடிக்கும் உபாதை ஒன்றைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். ஊருக்குள் சாதுவாக ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டரைத் தொட்டதும், கைப்பிடியும் கால்மிதியும் இருக்கையும் ஒன்றாகச் சேர்ந்து நடுங்கத் தொடங்குவதே அது.

காரணத்தை அறிய வேண்டுமானால், மூன்றாவது சக்கரம் வந்ததால் மற்ற இரண்டு சக்கரங்களின் வாழ்வு எப்படி மாறிப்போயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும். தனியாக ஓடும் மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. அவ்வாறு சாய்வதனால், பாரமும் திருப்பத்தின் விசையும் ஒன்றுசேர்ந்து பெரும்பாலும் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகின்றன. சைட்கார் பூட்டிய வண்டியோ சாய இயலாது. ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு விசை ரிம்மை ஒரு புறமாகத் தள்ளுகிறது. பக்கவாட்டுச் சுமையை மனத்தில் கொண்டு வடிக்கப்படாத மெல்லிய ஸ்போக் கம்பிகள் அந்தத் தள்ளுதலை நாள்தோறும் தாங்கித் தாங்கித் தளர்கின்றன. ரிம்மில் கோட்டம் விழுகிறது. டயரும் தன் வளைந்த முகத்தை இழந்து தட்டையாகத் தேய்கிறது. ஆகையால், சைட்கார் வண்டியின் நடுக்கத்தில் என் சந்தேகம் எப்பொழுதும் முதலில் சக்கரங்கள் மீதே விழும். ஆயினும் சந்தேகம் தீர்ப்பாகிவிடாது. பரீட்சை செய்யாமல் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது பணத்துக்கும் கேடு, வண்டிக்கும் கேடு.

நடுக்கம் தன் பிறப்பிடத்தைத் தானே தெரிவிக்கும் இயல்புடையது. பதினெட்டு அங்குல ரிம்மில் டயர் ஏறியபின் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். அதாவது அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பத்து முறை சுழல்கிறது. சக்கரத்தில் ஓரிடம் கனத்திருந்தால், விநாடிக்குப் பத்து உலுக்கல்கள் பிறக்கும். என்ஜினோ, நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு அறுபத்தாறு முறைக்கு மேல் அதிர்கிறது. சக்கரக் கோளாறு தோளையும் இடுப்பையும் குலுக்கும். என்ஜின் கோளாறு உள்ளங்கையை மரத்துப்போகச் செய்யும். உடம்பே இங்கே முதல் கருவியாகிறது.

வேகம் கூடினால் மட்டும் சக்கர நடுக்கம் தலைதூக்குவதற்கும் கணிதக் காரணம் உண்டு. ரிம்மருகே, அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில், 20 கிராம் எடை மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில் அது அரைக் கிலோ எடையின் விசையோடு இழுக்கும். 72இல் அது இருமடங்காகாமல், நான்கு மடங்காகி, 2 கிலோ எடைக்குச் சமமாகிவிடும். அத்துடன், சக்கரமும் டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்புக்கு என்றே இயற்கையான துள்ளல் வேகம் ஒன்று உண்டு; விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரையிலான அந்தத் துள்ளலோடு சக்கரத்தின் சுழற்சி இசைந்துவிட்டால், சிறு குறையும் பெரிதாகிவிடும்.

சாலையில் செய்ய வேண்டிய பரீட்சைகளுக்கு நெரிசலற்ற சமதளம் தேவை. பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் இரண்டு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அனுமதி இல்லையாதலால், அதன் பக்கச்சாலையோ, நஞ்சன்கூடு செல்லும் சாலையோ அதிகாலையில் ஏற்றது. நடுக்கம் தோன்றும் வேகத்தை எட்டியபின் கிளட்சை இழுத்துப் பிடித்து ஆக்ஸிலேட்டரை மூடுங்கள். நடுக்கம் அப்படியே நீடித்தால் என்ஜின் நிரபராதி. அதே வேகத்தில் கியரை ஒன்று குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். என்ஜினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாவிட்டால், குற்றவாளி சக்கரங்களுள் ஒன்றே.

மூன்று சக்கரங்களில் எது? இங்கேதான் இவ்வண்டியின் அழகான விசித்திரம் ஒன்று வெளிப்படுகிறது. நடுக்கம் ஒரே சீராக இராமல், சில விநாடிகள் பெருகி, சில விநாடிகள் அடங்கி, மறுபடியும் பெருகுமானால், இரண்டு சக்கரங்களில் குறை இருக்கிறதென்று பெரும்பாலும் கொள்ளலாம். சைட்கார் சக்கரத்தின் சுற்றளவு முன்சக்கரத்தைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுதலாயிருந்தால், முன்சக்கரம் விநாடிக்கு 10 முறை சுழலும்போது சைட்கார் சக்கரம் 9.8 முறைதான் சுழலும். ஐந்து விநாடிக்கொருமுறை இரண்டின் உலுக்கல்களும் ஒன்றுகூடி, இடையில் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். சுருதி சற்றே பிசகிய இரு தந்திகளை ஒருங்கே மீட்டினால் எழும் அலைவும் இதே நியதியைச் சேர்ந்தது.

பட்டறையில் ஒவ்வொரு சக்கரத்தையும் தரையிலிருந்து உயர்த்தி, ரிம்மை ஒட்டி ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றினால் கோட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஸ்போக்குகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுகியது கணீரென்றும் தளர்ந்தது மந்தமாகவும் ஒலிக்கும். டயர் ரிம்மில் சமமாக அமர்ந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் உண்டா, ஸ்டீயரிங்கின் கோன் செட் தளர்ந்திருக்கிறதா, சைட்கார் சட்டத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமா என்பவையும் அப்பொழுதே பார்த்துவிட வேண்டியவை. கோட்டமெடுத்த பின்னரே சமனெடை பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலும் சக்கரம் நிற்கும்போது எப்போதும் ஒரே இடம் கீழே வந்தால், அதற்கு நேரெதிரான ஸ்போக்கில் ஈயத்துண்டு கட்டுவதே முறை.

இத்தனையும் சரியாயிருந்தும் டயர் சில மாதங்களில் அலையலையாகத் தேய்ந்து நடுக்கம் திரும்புமானால், சைட்கார் சக்கரத்தின் திசையை அளக்க வேண்டும். அச்சக்கரம் மோட்டார் சைக்கிளுக்கு முற்றிலும் இணையாக இராமல், முன்பக்கத்தில் சற்றே உள்நோக்கியிருப்பது வழக்கம். இரு நேர்ச்சட்டங்களை வைத்து அளந்தால் வித்தியாசம் சாதாரணமாக 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதைக் கடந்தால் டயர் ஓடும் தூரமெல்லாம் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது.

மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி ஹேண்டில்பார் மட்டும் இடமும் வலமும் உதறுவது வேறு ஜாதி உபாதை. அதற்கு ஸ்டீயரிங் டாம்பர் என்ற தணிப்பான் பரிகாரம். அதையும் இதையும் குழப்பிக்கொண்டு, சக்கரத்தின் குறையை டாம்பரை இறுக்கி மறைக்க முயல்வது ஆபத்தானது.

நேற்றுவரை இல்லாத நடுக்கம் ஒரு நாள் ஓட்டத்தின் நடுவே திடீரென்று பிறந்தால், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு ஓரமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களின் ஸ்போக்குகளையும் டயர்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்போக் ஒன்று முறிந்திருந்தாலோ டயர் புடைத்திருந்தாலோ, அருகில் அமர்ந்திருப்பவரை இறக்கி வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, உங்கள் வண்டியைப் பட்டறைக்கு ஏற்றி அனுப்புங்கள்.