மேலவை வேண்டுமா என்று கேட்டார்கள், பிறகு?

அயர்லாந்தின் மேலவையான ஷானட்டை ஒழிக்கலாமா என்று 2013 அக்டோபர் 4 அன்று மக்களிடமே கேட்டார்கள். வாக்குச்சீட்டில் இரண்டே கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை. ‘அவை இருக்கட்டும், ஆனால் திருத்துங்கள்’ என்று நினைத்தவருக்கு அதில் இடமே இல்லை.

ஒழித்தால் 2 கோடி யூரோ மிச்சம், அரசியல்வாதிகளும் குறைவார்கள் என்றன சுவரொட்டிகள். சின்ன நாட்டுக்கு இரண்டு அவை எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. வாக்களிக்க வந்தவர்கள் 39 சதவீதம்தான். அவர்களில் 51.7 சதவீதத்தினர் மறுக்கவே, சுமார் 42,500 வாக்கு வித்தியாசத்தில் ஷானட் பிழைத்தது.

அப்படியே இருக்கட்டும் என்பதா அதற்குப் பொருள்? இருக்கும் லட்சணத்தைப் பாருங்கள். 60 இடங்களில் 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார். அன்று 6 இடங்கள் குறிப்பிட்ட பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு. மீதி 43 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளாட்சிக் கவுன்சிலர்களும், மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். வேட்பாளர் மாவட்டம் மாவட்டமாகக் காரில் அலைந்து கவுன்சிலர்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வாக்குச்சீட்டு பதிவுத் தபாலில் கவுன்சிலருக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் வேலையே கிடையாது.

நம் அரசியலமைப்பு மாநிலங்களவைக்கு 12 நியமன உறுப்பினர்களை வைத்ததே அயர்லாந்தைப் பார்த்துத்தான். ஆனால் 1986-ல் தமிழக மேலவை ஒழிக்கப்பட்டபோது பேரவைத் தீர்மானமும் நாடாளுமன்றச் சட்டமும் போதுமாக இருந்தன. மக்களை யாரும் கேட்கவில்லை. அங்கே கேட்டார்களே என்று நமக்குப் பொறாமை வரலாம். எனக்குக் கவலைதான் வருகிறது, காரணம் 1979.

அந்த ஆண்டும் ஷானட் பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பல்கலைக்கழக இடங்களுக்கு மற்ற உயர்கல்வி நிறுவனங்களின் பட்டதாரிகளும் வாக்களிக்க வழிசெய்யலாமா என்பது கேள்வி. வாக்களித்தவர்களில் 92 சதவீதத்தினர் சரி என்றார்கள். அதற்கான சட்டம் மட்டும் வரவில்லை. ஆட்சிகள் மாறின, அன்று வாக்களித்த இளைஞர்களுக்குப் பேரன் பேத்திகள் பிறந்தார்கள். பட்டதாரி ஒருவர் வழக்குத் தொடுத்து, பழைய ஏற்பாடு செல்லாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே 2024-ல் சட்டம் பிறந்தது. ஒரு ‘சரி’க்கு 45 வருடம்!

2013-ன் ‘இல்லை’க்கும் அதே கதிதான். வாக்கெடுப்பு நடந்த காலத்தில், 66 சாதாரணக் குடிமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் கொண்ட அரசியலமைப்பு மாநாடு அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்தது. ஷானட் விவகாரத்தை அதனிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒழிப்பா, சீர்திருத்தமா, எந்த மாதிரிச் சீர்திருத்தம் என்று பேசித் தீர்த்த பிறகு கேள்வி சீட்டுக்கு வந்திருக்கும். ‘இல்லை’ என்றால் அடுத்து என்ன, எத்தனை மாதத்துக்குள் என்பதையும் வாக்களிக்கும் முன்பே மக்களிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெரும்பாலான இடங்களை மக்கள் வாக்கால் நிரப்பலாம், அதற்கு அரசியலமைப்பைத் தொடவே வேண்டாம் என்றது 2015-ல் வந்த ஒரு குழுவின் அறிக்கை. 2018-ல் வரைவு மசோதாவும் தயாரானது. 2025 ஜனவரித் தேர்தலில் அந்த 43 இடங்களுக்கான வாக்குச்சீட்டுகள் வழக்கம்போலக் கவுன்சிலர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்தான் போயின.